அரளிப் புழுவுக்கு வாங்கிய வலைக்கூடு: எது பிடித்தது, எது பிடிக்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கூடு பட்டாம்பூச்சி வளர்ப்பவர்களுக்காகச் செய்தது. பெட்டியின் மேல் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிப் படம் போட்டிருந்தது. உள்ளே இருந்த ஒற்றைத் தாளில், கூட்டுப்புழு கூரையிலிருந்து தொங்கும், அதைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதியிருந்தது. நான் வளர்த்ததோ அரளிப் பருந்து அந்துப்பூச்சி. ஸ்பிங்க்ஸ் அந்துகளின் குடும்பம், அறிவியல் பெயர் டாப்னிஸ் நெரி. அதன் கூட்டுப்புழு எங்கேயும் தொங்காது, தரையில் சருகுக்குள் படுத்துக் கிடக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் கடைசிக் கட்டத்தில் நிச்சயம் திண்டாடுவீர்கள், தெரிந்து வாங்கினால் நல்ல பொருள். இரண்டு முறை, மொத்தம் 11 முட்டைகளை வைத்து இதில் வளர்த்துப் பார்த்துவிட்டேன். அதில் 8 பறந்து போயின. போகாத மூன்றைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் கூட்டின் குறைகள் எனக்குப் பெரும்பாலும் அவற்றால்தான் தெரிந்தன.

கூடு எப்படி இருக்கிறது என்றால், மடக்கு வகை. பையிலிருந்து உருவினால் உள்ளே இருக்கும் கம்பி வளையங்கள் படக்கென்று விரிந்து தானாக நின்றுகொள்ளும். 40 செ.மீ அகலம், 60 செ.மீ உயரம். மூன்று பக்கமும் கூரையும் வெள்ளை வலை, ஒரு பக்கம் மட்டும் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக், தரை கனமான துணி. முன்பக்கம் 'ட' வடிவத்தில் ஜிப். எடை ஒன்றுமே இல்லை, ஒரு கையால் தூக்கிக்கொண்டு வெளிச்சம் இருக்கிற இடத்துக்கு மாற்றலாம். தையல் நன்றாக இருக்கிறது, இத்தனை நாளில் ஒரு இடத்திலும் பிரியவில்லை. ஜிப் மூலை மட்டும் வேறு விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

எதற்குக் கூடு, செடியிலேயே விட்டால் வளராதா என்று கேட்பீர்கள். வளரும். ஆனால் செடியில் இருக்கும் புழுவுக்கு எதிரிகள் ஏராளம். எறும்பு, குளவி, பறவை எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற எதிரிகள். டாக்கினிட் ஈ என்று ஒன்று இருக்கிறது, அது புழுவின் மேல் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும், அதன் குஞ்சுப்புழுக்கள் உள்ளே புகுந்து உயிரோடு தின்றுகொண்டே வளரும். வெளியிலிருந்து பார்த்தால் புழு நன்றாக மேய்ந்துகொண்டுதான் இருக்கும், கடைசியில் அந்துப்பூச்சி வர வேண்டிய இடத்திலிருந்து ஈக்கள் வரும். இந்த ஈ வராமல் தடுக்கத்தான் வலை, அந்த வேலையை இந்தக் கூடு ஒழுங்காகச் செய்கிறது. கூட்டுக்குள் முட்டையிலிருந்து வளர்ந்த ஒரு புழுவிலும் ஈத் தொல்லை இல்லை.

ஆனால் முட்டைக்கு இந்த வலை போதாது. முட்டையைத் தாக்கும் குளவிகள், ட்ரைக்கோகிராமா போன்றவை, 1 மி.மீ கூட இருக்காது. இந்த வலைக் கண்ணில் அவை நடந்தே போய்விடும். முதல் முறை நான் எடுத்த 5 முட்டையில் ஒன்று இரண்டு நாளில் கறுத்துப் போனது, அதிலிருந்து புழு வரவே இல்லை. அது செடியிலேயே நடந்ததா கூட்டில் நடந்ததா என்று சொல்ல முடியாது, அதனால் கூட்டின் மேல் பழி போடவில்லை. இரண்டாம் முறை முட்டை இருக்கும் இலையை ஒரு சின்ன மூடி டப்பாவில், அடியில் லேசாக ஈரமான டிஷ்யூ பேப்பர் போட்டு வைத்தேன், பொரித்த பிறகுதான் வலைக்கூட்டுக்கு மாற்றினேன். ஆறும் பொரித்தன. நீங்களும் அப்படியே செய்யுங்கள், முட்டைக்கு டப்பா, புழுவுக்கு வலை.

முட்டையைக் கண்டுபிடிப்பதே ஒரு தனி வேலை. தாய் அந்து தளிர் இலைகளாகப் பார்த்து ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போகும், கொத்தாக வைக்காது. அகலம் 1.5 மி.மீ அளவு, ஏறக்குறைய உருண்டை, வெளிர் பச்சை. தளிரின் நிறமும் அதே பச்சைதான், அதனால் கண்ணால் தேடுவதைவிட இலையை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் பனித்துளி போல ஒரு பளபளப்பு தெரியும், அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அரளி மட்டுமில்லை, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, ஏழிலைப்பாலை, அடீனியம் இவற்றிலும் பாருங்கள், எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள்.

நாலாம் நாள் பொரித்தது. இதை எழுதும்போதுகூட அந்தக் காட்சி கண்ணில் நிற்கிறது. 3, 4 மி.மீ நீளத்துக்கு மஞ்சளாக ஒரு நூல் துண்டு, அதன் பின்முனையில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கொம்பு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில். இவ்வளவு சின்ன உயிருக்கு இவ்வளவு நீளக் கொம்பு எதற்கு என்று தோன்றும். இலை தின்னத் தொடங்கியதும் மஞ்சள் மறைந்து பச்சை ஏறிவிடும், அப்புறம் இலையின் நடுநரம்போடு ஒட்டிப் படுத்துக்கொண்டால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கூட்டைப் பற்றி ஒரு குறை. உள்ளே செடித்தண்டை வைக்க எந்த ஏற்பாடும் இல்லை. தண்ணீர் ஊற்றிய சின்னப் பாட்டிலில் தண்டைச் செருகி வைப்பதுதான் வழி, ஆனால் பாட்டிலின் வாய் திறந்திருந்தால் குட்டிப் புழு தண்டு வழியாகவே இறங்கி நேராகத் தண்ணீருக்குள் போய்விடும். திரும்பி வரத் தெரியாது. வாயைப் பஞ்சால் இறுக்கி அடைத்துவிடுங்கள், அல்லது மூடியில் தண்டு போகும் அளவுக்கு மட்டும் ஓட்டை போடுங்கள். துணித்தரை சமமாக நிற்காததால் பாட்டில் சாயவும் செய்யும், அடியில் ஒரு தட்டையான பலகையோ ஓடோ வைத்தால் நிற்கும்.

இங்கே ஒரு விஷயம். இதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கம்பளிப்பூச்சி என்றுதான் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு அரிக்குமே என்று இரண்டடி பின்வாங்குகிறார்கள். இது கம்பளிப்பூச்சி இல்லை. கம்பளிப்பூச்சிக்கு முடி இருக்கும், இதற்கு ஒரு முடிகூட இல்லை, உடம்பு மொழுமொழுவென்று இருக்கும். கொம்பு குத்தாது, கொட்டாது, அதில் விஷமும் இல்லை, தொட்டால் ரப்பர் போல வளையும். கவனமாக இருக்க வேண்டியது புழுவிடம் இல்லை, அரளியிடம். அரளியின் சாறு இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு, மனிதருக்கும் ஆடுமாட்டுக்கும் ஆபத்து, ஆனால் இந்தப் புழு அதை ஒன்றுமில்லாதது போலத் தின்று செரித்துக்கொள்கிறது. இலை மாற்றிய பிறகு ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சின்னக் குழந்தைகளும் நாய் பூனையும் இருக்கும் வீட்டில் அரளிக்குப் பதிலாக நந்தியாவட்டை கொடுப்பது நல்லது. ஆனால் தொடங்கிய செடியிலேயே முடியுங்கள், நடுவில் மாற்றினால் சில புழுக்கள் வாயே வைக்காது.

வளர வளர நான்கு முறை தோலுரிக்கும், அதாவது புழுவாகவே ஐந்து பருவம். தோலுரிப்பதற்கு முன் ஒரு நாள் போல அசையாமல் இருக்கும். சில புழுக்கள் இதற்காகவே கூரை வலைக்கு ஏறிவிடும். அப்போது நோய் வந்துவிட்டதோ என்று பயந்து இழுத்து இலையில் விடாதீர்கள். பின்பக்கத்துச் சதைக்கால்களில் நுண்ணிய கொக்கி வரிசைகள் இருக்கின்றன, வலைக் கண்ணில் அவை மாட்டிக்கொண்டால் இழுக்கிற இழுப்பில் கால் கிழிந்துவிடும். தோலுரிக்காத நேரத்தில்கூட வலையிலிருந்து புழுவைப் பிய்க்கக் கூடாது, தலைக்கு முன்னால் ஒரு இலையை நீட்டினால் அதுவாக ஏறிவரும். இந்த விஷயத்தில் வலை மென்மையாக இருப்பது நல்லது. இதற்கு முன் உலோகக் கொசுவலை வைத்து நானே செய்த பெட்டியில் ஒரு புழுவின் தலை உரசிக் காயமானதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசிப் பருவத்துக்கு வந்த புழுவைப் பார்க்க வேண்டும். ஏழரை, எட்டரை செ.மீ நீளம், கைவிரல் தடிமன். ஆப்பிள் பச்சை உடம்பு, பக்கவாட்டில் நெடுக ஒரு வெள்ளைப் பட்டை, அதைச் சுற்றி வெள்ளையும் இளநீலமுமாகப் பொடிப்புள்ளிகள் தூவியது போல. மூச்சுத் துளைகள் கறுப்புப் பொட்டுகளாக வரிசையாக நிற்கும். முட்டையிலிருந்து வந்தபோது அத்தனை நீளமாக இருந்த கொம்பு இப்போது குட்டையாகி, மஞ்சளாகி, முனை கீழ்நோக்கி வளைந்து, சொரசொரவென்று ஆகியிருக்கும். எல்லாவற்றையும்விட அந்தக் கண்கள். தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு பக்கமும் நீலமும் வெள்ளையும் கலந்த பெரிய வட்டம், சுற்றிலும் கறுப்பு விளிம்பு. அவை நிஜக் கண்கள் இல்லை, தோலில் இருக்கும் நிறம்தான். இலையைத் திடீரென்று அசைத்தால் புழு தலையை உள்ளே இழுத்து முன்னுடம்பை உப்பவைக்கும், அந்த இரண்டு வட்டமும் விரிந்து உங்களையே முறைக்கும். நான் இத்தனை நாள் பழகியும், ஒவ்வொரு முறையும் கை ஒரு நொடி நின்றுவிடும். பறவைக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பச்சைதான் வர வேண்டும் என்றும் இல்லை, என்னுடையதில் ஒன்று கடைசிப் பருவத்தில் பழுப்பாக மாறியது, நல்ல ஆரோக்கியமாகவே இருந்தது. ஸ்பிங்க்ஸ் என்ற பெயரும் இந்தப் பருவத்தைப் பார்த்து வந்ததுதான். இந்தக் குடும்பத்துப் புழுக்கள் ஓய்வாக இருக்கும்போது முன்னுடம்பைத் தூக்கித் தலையைக் குனிந்து வைத்திருக்கும் நிலை, எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலை உட்கார்ந்திருப்பது போல இருக்கும். லின்னேயஸ் 1758-இல் இதற்கு ஸ்பிங்க்ஸ் நெரி என்றுதான் பெயர் வைத்தார், நெரி என்பது அரளியின் அறிவியல் பெயரான நெரியத்திலிருந்து வந்தது. டாப்னிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றியது பிறகு நடந்தது.

சரி, கூட்டுக்கு வருவோம். இந்தப் பருவத்தில்தான் கூடு உண்மையான சோதனைக்கு உள்ளாகிறது. புழு தன் வாழ்நாளில் தின்னும் தீனியில் பெரும்பங்கு இந்தச் சில நாட்களில்தான். ஒரு கிளை காலையில் வைத்தால் சாயங்காலம் குச்சிதான் நிற்கும். தின்னத் தின்னப் போட்டுக்கொண்டே இருக்கும் புழுக்கை, ஒவ்வொன்றும் மிளகைவிடப் பெரிதாக, நெடுக வரிப்பள்ளம் விழுந்து, பார்க்கவே ஒழுங்கான வடிவமாக இருக்கும். அது காய்ந்தால் ஒன்றுமில்லை, ஈரமாக இருந்தால் துணித்தரையில் நசுங்கி ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். தரையைத் தனியாகக் கழற்ற முடியாது என்பது இந்தக் கூட்டின் பெரிய குறை என்று நினைக்கிறேன். ஜிப் வழியாகக் கையை விட்டு, இலைப் பாட்டிலைத் தூக்கி, புழு விழாமல் பார்த்து, அடியைத் துடைக்க வேண்டும், 5 புழு இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு முறை. தரை முழுக்கப் பழைய தாள் விரித்து, தாளோடு உருட்டி எடுத்துவிடுவது என்று நான் வழக்கம் வைத்துக்கொண்டேன். தரையில் ஒரு ஜிப்பும் ஒரு தட்டும் வைத்துச் செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று அந்தப் பிளாஸ்டிக் பக்கம். படம் எடுக்க வசதியாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இலை நிறைய வைத்த நாளில் உள்பக்கம் முழுக்க வியர்த்து நீர் கோத்துக்கொள்கிறது. இரண்டாம் முறை வளர்த்தபோது ஒரு புழு அந்தப் பக்கத்து மூலையிலேயே கிடந்தது, தீனி குறைந்தது, மறுநாள் உடம்பு தொளதொளத்து நிறம் கறுத்து இறந்துபோனது. நோய் எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் ஈரமும் நெருக்கமும் புழு நோய்க்கு வழி விடுகின்றன என்பது வளர்க்கிறவர்கள் எல்லாரும் அறிந்தது. அன்றிலிருந்து இலையைக் கழுவினால் துடைத்து உலர்த்தாமல் உள்ளே வைப்பதில்லை. பிளாஸ்டிக் பக்கத்தைச் சுவரோரம் வைக்காமல் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைக்கிறேன். ஒரு கூட்டில் கடைசிப் பருவப் புழு 4-க்கு மேல் வேண்டாம், குறிப்புத் தாளில் 15 வரை என்று போட்டிருப்பது இந்த அளவு உடம்புக்குப் பொருந்தாது.

ஏறக்குறைய மூன்று வாரம் தின்று தீர்த்த பிறகு ஒரு நாள் நிறுத்திவிடும். முதுகு கறுத்துப் போகும், பச்சை மங்கிப் பழுப்பும் ஆரஞ்சுமாக ஏறும், வயிற்றில் இருப்பதை ஈரமாகக் கழித்துவிட்டு நடக்க ஆரம்பிக்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் செத்துப்போகப் போகிறது என்றே நினைப்பார்கள். அப்படியில்லை, கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. செடியிலிருந்து இறங்கித் தரையில் சருகு தேடும் நேரம் இது. பெட்டியில் வந்த தாள் சொன்னதை நம்பி நான் முதல் முறை கூரையில் குச்சிகள் கட்டி வைத்திருந்தேன், தரையில் ஒன்றும் போடவில்லை. புழு குச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தரை ஓரத் தையலைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தது, இரவு முழுக்க.

அப்போதுதான் ஜிப் மூலை காட்டிக்கொடுத்தது. 'ட' வடிவத்தில் இரண்டு கோடும் சேரும் இடத்தில் ஜிப் முழுக்க மூடினாலும் சுண்டுவிரல் நுனி போகும் அளவுக்கு ஒரு வாய் இருக்கிறது. சாதாரணமாகத் தெரியாது, உள்ளேயிருந்து தள்ளினால் விரியும். எட்டு செ.மீ நீளப் புழு தலையை நுழைத்துவிட்டால் உடம்பைக் குறுக்கி மிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. காலையில் எண்ணினால் ஒன்று இல்லை. அலமாரி, திரைச்சீலை, செருப்பு வரைக்கும் தேடினேன். மூன்றாம் நாள் புத்தக அலமாரிக்குப் பின்னால் பழைய தாள் கட்டுக்கு இடையில் இரண்டு தாளை இழையால் இழுத்து ஒட்டி, உள்ளே பத்திரமாகக் கூட்டுப்புழுவாகிக் கிடந்தது. மிதிபடாமல் இருந்தது என் அதிர்ஷ்டமும் அதன் அதிர்ஷ்டமும். தயாரித்தவர்களுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. ஊசி நூல் எடுத்து அந்த மூலையில் இரண்டு செ.மீ தைத்துவிட்டேன், ஜிப் திறப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. வாங்கினால் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

இரண்டாம் முறை தரையில் ஒரு அகலத் தட்டு வைத்து, காய்ந்த இலைச் சருகும் கிழித்த டிஷ்யூ பேப்பரும் நாலு விரல் உயரத்துக்குப் போட்டேன். புழுக்கள் ஒவ்வொன்றாக அதற்குள் இறங்கிவிட்டன, சுற்றவே இல்லை. இந்த இனம் மண்ணைத் தோண்டி ஆழமாகப் போவதில்லை, மேல் சருகிலேயே மஞ்சள் கலந்த இழைகளால் வலைப்பின்னல் போலத் தளர்வாக ஒரு கூடு பின்னிக்கொள்ளும், உள்ளே இருப்பது வெளியே தெரியும். மண்டையோட்டு அந்துப்பூச்சி போன்ற வேறு சில ஸ்பிங்க்ஸ் இனங்கள் மண்ணுக்குள்தான் போகும், அவற்றுக்கு இந்தக் கூட்டுத் தரை ஆகவே ஆகாது, ஆழமான தொட்டியில் மண் போட்டு அதன் மேல் வலையைக் கவிழ்க்க வேண்டியிருக்கும்.

கூட்டுப்புழு 6 செ.மீக்கு மேல் இருக்கும். வெளிர்ப் பழுப்பு, உறிஞ்சுகுழல் இருக்கும் பக்கம் நடுவில் மை தொட்டு இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு, பக்கவாட்டில் கறுப்புப் பொட்டுகள். கையில் எடுத்தால் வயிற்றுப் பக்கத்தைச் சுழற்றித் துள்ளும், அந்தத் துள்ளல் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம், அதற்காக அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை சருகின் மேல் லேசாக ஸ்ப்ரே, அவ்வளவுதான். எனக்கு 13 முதல் 15 நாள் ஆனது. வெளிவருவதற்கு முந்தைய நாள் ஓடு கறுத்து, உள்ளே இறக்கையின் கோலம் மங்கலாகத் தெரியும்.

இனி வருவதற்குத்தான் நான் இந்தக் கூட்டை மனமாரப் பாராட்டுகிறேன். இரவில் ஓடு பிளந்து வெளியே வரும்போது இறக்கை நனைந்த துணி போலச் சுருங்கி, நகம் அளவுக்குத்தான் இருக்கும். வந்த உடனே ஏற வேண்டும், ஏறித் தலைகீழாகவோ செங்குத்தாகவோ தொங்க வேண்டும், அப்போதுதான் உடல்நீர் இறக்கை நரம்புகளுக்குள் இறங்கி இறக்கை விரியும். தாமதமானால் சுருங்கியபடியே காய்ந்துவிடும். இந்த வலை கால் பிடிக்கத் தோதாக இருக்கிறது, தரையிலிருந்து கூரை வரை ஒரே பிடிமானம், 60 செ.மீ உயரத்தில் தொங்குவதற்கு இடம் தாராளம். ஒரு அந்து வலையில் கால் வைத்ததிலிருந்து கூரை சேர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அரைமணி நேரத்தில் இறக்கை முழு அளவுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், சுருக்கம் ஒவ்வொன்றாக நீங்க, அதில் மடிந்து கிடந்த பச்சைக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே போயின.

ஆனால் முதல் முறை வந்த ஒன்று பிளாஸ்டிக் பக்கம் போய்விட்டது. ஏறும், வழுக்கும், விழும், திரும்ப ஏறும். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தால் இடப்பக்க இறக்கை கசங்கிய காகிதம் போலக் காய்ந்திருந்தது. அது பறக்கவே இல்லை. சர்க்கரைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்து, சுருண்டிருந்த உறிஞ்சுகுழலை ஊசி முனையால் மெல்ல நீட்டிவிட்டால் குடித்தது, சில நாள் இருந்தது. அது எனக்கு இன்றும் வருத்தம்தான், ஏனென்றால் தடுத்திருக்கக்கூடியது. இப்போது கூட்டுப்புழு பருவம் வந்தவுடன் பிளாஸ்டிக் பக்கத்தின் உள்ளே ஒரு வலைத்துணியைக் கிளிப் போட்டு மாட்டிவிடுகிறேன். தயாரிப்பவர்கள் நாலு பக்கமும் வலையாகவே விட்டிருந்தால் இந்த வேலையே இருக்காது.

இறக்கை காய்ந்த அந்துப்பூச்சியைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது, இருந்தாலும் முயல்கிறேன். இறக்கையை விரித்தால் 9 முதல் 11 செ.மீ. மேல் இறக்கையில் ஆழ்பச்சை, பாசிப்பச்சை, இளம்பச்சை என்று பச்சையிலேயே பல, இடையில் இளஞ்சிவப்பு கலந்த வெளிர்ப்பட்டை ஒன்று குறுக்கே ஓடும், நுனிப்பக்கம் ஊதா சாயல். இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் வெள்ளை வட்டத்துக்குள் ஒரு கரும்பச்சைப் பொட்டு, கண் போல. பின் இறக்கை மங்கிய சாம்பல் பழுப்பு, ஓரத்தில் பச்சை, உட்கார்ந்திருக்கும்போது அது வெளியே தெரியாது. உடம்பு தடித்துப் பின்னால் கூராகி முடியும். பளிச்சென்ற நிறம் என்று எதுவும் இல்லை, ஆனால் இலைகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தால் வெயிலும் நிழலும் மாறிமாறி விழுந்த இலைக்கொத்துதான், அந்து எங்கே முடிந்து செடி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. கூட்டின் வெள்ளை வலையில் அதன் முழு அழகும் தெரிகிறது, செடியில் இருந்தால் நான் ஒருபோதும் கவனித்திருக்க மாட்டேன்.

மறுநாள் அந்தி சாய்ந்ததும் விட்டுவிடுங்கள், கூட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். இது உட்கார்ந்து தேன் குடிக்கும் பூச்சி இல்லை, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடி நீண்ட குழலை நீட்டிக் குடிக்கும், அதற்கு 40 செ.மீ போதாது. இரவில் கூட்டுக்குள் பறந்தால் வலையில் மோதி மோதிச் செதில் உதிர்ந்து இறக்கை ஓரம் கிழிந்துவிடும். இந்தக் குடும்பத்து உறிஞ்சுகுழலுக்குத் தனிக் கதையே உண்டு: மடகாஸ்கரின் ஒரு ஆர்க்கிட் பூவில் ஒரு அடி ஆழத்தில் தேன் இருப்பதைப் பார்த்த டார்வின், அதை எட்டும் அளவு நீளக் குழல் உள்ள அந்துப்பூச்சி இருந்தே ஆக வேண்டும் என்று 1862-இல் எழுதினார், அவர் காலமான பிறகு 1903-இல்தான் அதற்குப் பெயர் சூட்டினார்கள். அது ஒரு ஸ்பிங்க்ஸ்தான்.

விடும்போது ஜிப்பை முழுக்கத் திறந்து, கூட்டைச் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். உடனே பறக்காது. முதலில் இறக்கையை விரிக்காமலேயே நடுங்கும், பார்க்கக் குளிரில் வெடவெடப்பது போல இருக்கும். பறக்கும் தசைகளைச் சூடேற்றிக்கொள்கிறது. நடுக்கம் வேகமாகி, ரீங்காரம் போல ஒரு ஒலி எழும்பும், அந்த ஒலி உயர்ந்துகொண்டே போகும், பிறகு பார்த்தால் வலையில் ஒன்றும் இருக்காது. எட்டு முறை பார்த்தேன், ஒரு முறையும் அது கிளம்பிய அந்த நொடியைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. இதே இறக்கையை வைத்துக்கொண்டுதான் இவை கோடையில் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி ஐரோப்பா வரைக்கும் போகின்றன.

வாங்கலாமா என்றால், பட்டாம்பூச்சிக்கு யோசிக்காமல் வாங்கலாம். ஸ்பிங்க்ஸ் அந்துக்கு, மூலையைத் தைத்து, பிளாஸ்டிக்கை மறைத்து, சருகுத் தட்டு வைக்கத் தயார் என்றால் வாங்குங்கள். இதே உயரத்தில் நாலு பக்கமும் வலையும் தரையில் திறப்பும் உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள். 30 செ.மீ உயரமுள்ள சின்ன அளவு வேண்டவே வேண்டாம், கிளை வைத்த பிறகு உள்ளே இடமே இருக்காது.

வேலை முடிந்ததும் வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத்தான் மடக்க வேண்டும், முந்தைய புழுவின் நோய் அடுத்ததற்குப் போகக்கூடாது. மடக்குவதற்கு முன் ஓடுகளை எண்ணிப் பாருங்கள். உள்ளே விட்ட புழு எத்தனை, காலி ஓடு எத்தனை என்று கணக்கு சரியாக வரவில்லை என்றால், தரைத்துணி மடிப்பையும் தையல் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்த பிறகு மட்டும் கம்பியை முறுக்குங்கள்.